பொறுப்பு கைமாறும் நேரம்

பெரும் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கான பாதுகாவலர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர், கறுப்புக் கண்ணாடியும் காதில் சுருள் கம்பியுமாகப் பள்ளி வாசலில் கைகட்டி நிற்கும் ஆறடி மனிதர்தான். கடைத் திறப்பு விழாக்களில் நடிகர்களைச் சூழ்ந்து வரும் பவுன்சர்களைப் பார்த்துப் பழகியதால், பாதுகாப்பு என்பதே உடல்வலுவை நம்பிய தொழில் என்று முடிவு கட்டியிருக்கிறோம். எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், சென்னையில் ஒரு தொழிலதிபர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாதுகாவலராகப் போய் வருகிறார். அவருடைய வேலை என்ன என்று ஒருமுறை விசாரித்தபோது, "அடிக்க வர்றவனைத் தடுக்கிற வேலைன்னு நினைக்கிறாங்க சார். பிள்ளை இந்த நிமிஷம் யார் பொறுப்புல இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கிறதுதான் வேலை" என்றார். அதன் பிறகு பழைய கடத்தல் வழக்குகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் துப்பாக்கிக்கோ கைகலப்புக்கோ இடமே இருந்திருக்கவில்லை. ஒரு பெரியவரின் பொறுப்பிலிருந்து இன்னொரு பெரியவரின் பொறுப்புக்குக் குழந்தை மாறும் அந்தச் சில நிமிடங்களில்தான் எல்லாமே நடந்து முடிந்திருந்தன.

இதற்கு 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. ராபர்ட் கிரீன்லீஸ் என்பவர் காடிலாக் கார் விற்பனையில் பெரும் பணம் சேர்த்தவர். முதிய வயதில் அவருக்குப் பிறந்த மகன் பாபிக்கு அப்போது ஆறு வயது. கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். செப்டம்பர் 28 அன்று காலை ஒரு பெண் டாக்சியில் அந்தப் பள்ளிக்கு வந்து இறங்கினாள். தான் பாபியின் நெருங்கிய உறவினர் என்றும், அவனுடைய தாயாருக்குத் திடீரென மாரடைப்பு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், அவர் மகனைப் பார்க்க விரும்புவதாகவும் பதற்றத்தோடு சொன்னாள். வகுப்பிலிருந்து சிறுவனை அழைத்து வரும் வரை பள்ளியின் சிற்றாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருக்கும்படி கன்னியர் சொல்ல, அவளும் போய் உட்கார்ந்து வந்தாள். சிறுவன் எந்தத் தயக்கமும் இல்லாமல் அவளோடு கைகோத்துப் போனான். சற்று நேரம் கழித்து, தாயாரின் உடல்நிலையை விசாரிப்பதற்காகப் பள்ளியிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். அழைப்பை எடுத்துப் பேசியவர் அந்தத் தாயாரேதான்.

அந்தத் தொலைபேசி அழைப்பைக் கால் மணி நேரம் முன்னதாகச் செய்திருந்தால் போதும். பாபி அன்றைக்கே கொல்லப்பட்டுவிட்டான். அது தெரியாமல் குடும்பம் 6,00,000 டாலர் கொடுத்தது. அதுவரை அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட பிணைத்தொகைகளில் அதுவே மிகப் பெரியது. குற்றவாளிகளான கார்ல் ஹாலும், பள்ளிக்கு வந்த அந்தப் பெண் போனி ஹெடியும் அதே ஆண்டு டிசம்பரில் மரண தண்டனைக்கு உள்ளானார்கள். பணத்தில் ஏறத்தாழப் பாதி கடைசி வரை கிடைக்கவே இல்லை. இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஹால் அந்தக் குடும்பத்துக்கு முழு அந்நியன் அல்லன் என்பது. கிரீன்லீஸின் வளர்ப்பு மகனோடு இராணுவப் பள்ளியில் படித்தவன் அவன். அந்த வீட்டின் செல்வ வளம் அவனுக்கு அப்போதே தெரியும்.

இன்று செல்வந்தர் வீட்டுக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளில், குழந்தையை அழைத்துப் போக அனுமதி பெற்றவர்களின் புகைப்படத்தோடு கூடிய பட்டியல் வாசலில் இருக்கிறது. பட்டியலில் இல்லாதவர் யார் வந்தாலும், அவர் கொடுக்கும் எண்ணுக்கு அல்லாமல், பள்ளியின் பதிவேட்டில் முன்பே உள்ள எண்ணுக்குப் பேசிக் கேட்கிறார்கள். குழந்தைக்கும் வீட்டாருக்கும் மட்டும் தெரிந்த ஒரு இரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. அந்தச் சொல்லைச் சொல்லாதவரோடு, அவர் மாமாவாகவே இருந்தாலும், போகக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் மாதம் பெரும் தொகை கொடுத்து மூன்று பேரை வேலைக்கு வைக்கும் குடும்பங்களிலேயே இந்த எளிய ஏற்பாடு இருக்காது என்று சுபேதார் அலுத்துக்கொள்கிறார். கண்ணுக்குத் தெரியும் பாதுகாப்பை வாங்குவதில் இருக்கும் நிறைவு, பட்டியல் தயாரிப்பதில் இல்லை போலும்.

கிரீன்லீஸ் வழக்குக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னால், வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் நடந்தது வேறு வகை. மர வியாபாரத்தில் கொழித்த வேயர்ஹாசர் குடும்பத்துச் சிறுவன் ஜார்ஜ், ஒன்பது வயதை எட்டவிருந்தவன். அவனுடைய தினசரி ஏற்பாடு நன்றாகவே அமைந்திருந்தது: மதிய உணவு இடைவேளையில் தன் பள்ளியிலிருந்து நடந்து அக்கா படிக்கும் பள்ளிக்குப் போவான், அங்கிருந்து வீட்டு ஓட்டுநர் இருவரையும் காரில் அழைத்துப் போவார். 1935 மே 24 அன்று அவனுடைய வகுப்பைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். அக்காவின் பள்ளிக்கு வந்து சேர்ந்தவன், ஓட்டுநர் வரும் வரை காத்திருக்க மனமில்லாமல் தானே வீட்டுக்கு நடக்கத் தொடங்கினான். வழியில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். குடும்பம் 2,00,000 டாலர் கொடுத்த பிறகு ஜூன் 1 அன்று உயிரோடு விடுவிக்கப்பட்டான் என்பது ஆறுதல். அவன் வளர்ந்து அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்ததும், தன்னைக் கடத்தியவர்களில் ஒருவனுக்குச் சிறையிலிருந்து வெளியே வந்த பின் அதே நிறுவனத்தில் வேலை கிடைத்ததும் தனிக் கதை. அதை இங்கே விரித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஜார்ஜ் வழக்கில் என்னை யோசிக்க வைத்தது பத்திரிகைச் செய்திதான். அந்த மாதம்தான் அவனுடைய தாத்தா காலமாகியிருந்தார். செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பைக் கடத்தல்காரனின் மனைவி படித்துக் காட்டியதிலிருந்துதான் அந்தக் குடும்பத்தின் மீது அவர்களுடைய பார்வை விழுந்ததாக விசாரணையில் தெரியவந்தது. ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன வசதி என்பதை அன்று இரங்கல் குறிப்பு சொன்னது. இன்று பிள்ளைகளே தங்கள் கைப்பேசியில் சொல்லிவிடுகிறார்கள். வாரா வாரம் சனிக்கிழமை மாலை நீச்சல் வகுப்பு முடிந்து அதே கடையில் ஐஸ்கிரீம் சாப்பிடும் படத்தைப் போடும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு, வாசலில் எத்தனை பேர் நின்றாலும் பாதி வேலை ஏற்கெனவே கெட்டுவிட்டது என்றுதான் பொருள். ஆகவே இத்துறையில் முறையாகத் தொழில் செய்கிறவர்கள் முதல் வாரத்தில் வீட்டுச் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால், குடும்பத்தார் ஒவ்வொருவரும் இணையத்தில் போட்டிருப்பவற்றை எல்லாம் படித்துப் பார்க்கிறார்கள். அதில் பெரும்பாலும் தாத்தா பாட்டிகளின் பக்கங்கள்தான் அதிகம் காட்டிக்கொடுக்கின்றன என்பார்கள்.

இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும், புகழ்பெற்ற அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்ட வழக்கிலிருந்தே தொடங்குவது வழக்கம். 1932 மார்ச் 1 இரவு, நியூ ஜெர்சியில் ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கட்டியிருந்த புது வீட்டின் மாடி அறையிலிருந்து, இருபது மாதக் குழந்தையைக் கையால் செய்த ஏணி வைத்து ஏறித் தூக்கிப் போனார்கள். குழந்தைகள் அறையின் ஜன்னல் ஒன்றில் மரக்கதவு வளைந்துபோய்ச் சாத்த முடியாமல் இருந்தது. வழக்கமாக வார இறுதியில் மட்டும் அங்கே தங்கும் குடும்பம், குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததால் அந்தச் செவ்வாய்க்கிழமையும் அங்கேயே இருந்தது. 50,000 டாலர் கொடுத்தும் குழந்தையின் உடலே மே மாதத்தில் கிடைத்தது. அந்த ஆண்டிலேயே கடத்தலைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. பிணைத்தொகைக் காப்பீடு என்ற வணிகமும் லண்டன் லாய்ட்ஸ் சந்தையில் அந்தக் காலகட்டத்தில்தான் தலையெடுத்தது. ஆனால் நான் சொல்ல வருவது அதற்குப் பிந்தைய ஒரு நிகழ்ச்சியை. இரண்டாவது மகன் ஜானைப் பள்ளியிலிருந்து காரில் அழைத்து வந்தபோது, இன்னொரு கார் குறுக்கே வந்து ஓரங்கட்ட, அதிலிருந்து குதித்தவர்கள் நடுங்கிப்போயிருந்த குழந்தையின் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டினார்கள். அவர்கள் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள். 1935 டிசம்பரில் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. எத்தனை காவலர் இருந்தாலும், குழந்தையின் முகம் ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகு காவல் எவ்வளவு கடினமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்நியனைவிடத் தெரிந்தவனே ஆபத்து என்பதைப் பெரிய பணக்காரர்கள் ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறார்கள். 2002 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் புகழ்பெற்ற வங்கிக் குடும்பத்தின் 11 வயது மகனைக் கொன்ற சட்டக்கல்லூரி மாணவன், சிறுவனின் அக்காவுக்கு அறிமுகமானவன். அக்கா தன் ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போய்விட்டாள், வந்து எடுத்துக்கொள் என்று சொல்லியே சிறுவனைத் தன் குடியிருப்புக்கு வரவழைத்தான். கொன்ற பிறகு பத்து இலட்சம் யூரோ கேட்டான். (சிறுவன் இருக்குமிடத்தைச் சொல்ல வைப்பதற்காகக் காவல்துறை அதிகாரி அவனுக்கு வலி உண்டாக்குவதாக மிரட்டச் சொன்னது, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போன பெரிய விவாதமாயிற்று.) நம் ஊரிலும், 2010 அக்டோபரில் கோவையில் ஒரு துணி வணிகரின் இரண்டு குழந்தைகளை, பள்ளி வேனுக்குக் காத்திருந்த நேரத்தில் அழைத்துப் போய்க் கொன்றவன், அவர்களுக்கு முன்பே அறிமுகமான ஓட்டுநர்தான். இந்த இரண்டு வழக்குகளிலும் குழந்தைகள் பயந்து ஓடவில்லை. ஓடுவதற்கான காரணமே அவர்களுக்குத் தெரியவில்லை.

எனவே பாதுகாவலரின் ஒரு நாள் வேலை வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும். குழந்தை இறங்கும் முன்னரே ஒருவர் இடத்துக்குப் போய் வாசல்கள் எத்தனை, கழிப்பறை எங்கே, மிக அருகில் இருபத்து நான்கு மணி நேர மருத்துவமனை எது என்று பார்த்துவிட வேண்டும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கக் கூடாது. குழந்தையை ஆசிரியர் பெற்றுக்கொண்டதைக் கண்ணால் கண்ட பிறகே வண்டி நகர வேண்டும். பாட்டு வாத்தியார், கணக்குச் சொல்லித்தர வருபவர், சமையல்காரருக்கு மாற்றாக ஒரு வாரம் வந்தவர் என்று வீட்டுக்குள் வரும் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்து வைத்திருக்க வேண்டும். குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாதென்றால் அதற்கான ஊசி மருந்து பையில் இருக்க வேண்டும். அதைப் போடத் தெரிந்திருக்கவும் வேண்டும். நீச்சல் குளமும் சாலை விபத்தும் உணவு ஒவ்வாமையும் எந்தக் குழந்தைக்கும் கடத்தல்காரனைவிடப் பல மடங்கு நெருக்கமான ஆபத்துகள் என்பதை ஒப்புக்கொள்ளாத பாதுகாவலரை நான் நம்பமாட்டேன். சுபேதார் குழந்தையின் பள்ளிப் பையைச் சுமப்பதில்லை. இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. வந்த புதிதில் அதைத் திமிர் என்று வீட்டுப் பெரியம்மா கோபித்துக்கொண்டாராம்.

இதையெல்லாம் நினைக்கும்போது, இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள நோர்லாண்ட் கல்லூரியின் அணுகுமுறை எனக்கு மிகவும் அறிவார்ந்ததாகத் தோன்றுகிறது. 1892-இல் எமிலி வார்டு தொடங்கிய, குழந்தை வளர்க்கும் செவிலித் தாயர்க்கான அந்த நிறுவனம், பால் கலக்கவும் துணி தைக்கவும் கற்றுத்தருவதோடு, இப்போது தற்காப்பு, வழுக்கும் தரையில் கார் ஓட்டுதல், இணையப் பாதுகாப்பு ஆகியவற்றையும் கற்பிக்கிறது. குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில் நாள் முழுவதும் இருப்பவர் அவர்தானே. வாசலில் நிற்பவர் அல்லவே. 1960-இல் பாரிஸை அடுத்த சேன்-க்ளூவில், பெஷோ கார் நிறுவனக் குடும்பத்தின் நான்கு வயதுப் பேரனை கோல்ஃப் மைதானத்து விளையாட்டிடத்திலிருந்து தூக்கிப் போனபோது, செவிலியும் ஓட்டுநரும் அங்கேதான் இருந்தார்கள். ஆள் இருந்தும் பயிற்சி இல்லை.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: இப்படி வளரும் குழந்தை என்ன ஆகும்? இதைப் பற்றி, அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலினைப் போல ஆழமாக யோசித்தவர் அரிது. கணவரையும் மைத்துனரையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர். அச்சத்துக்கு அவரைவிட அதிகக் காரணம் யாருக்கும் இருந்திருக்க முடியாது. முன்னாள் அதிபரின் பிள்ளைகளுக்குப் பதினாறு வயது வரை இரகசியக் காவற்பிரிவின் பாதுகாப்பு சட்டப்படி உண்டு. ஆனால் 1968-இல் அந்தப் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் ரௌலிக்கு அவர் எழுதிய கடிதம், காவலர் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லும் கடிதம். இரவெல்லாம் ஜன்னலுக்கு வெளியே வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டு நடப்பதையும், முற்றத்தில் கார்கள் குவிவதையும் அவர் குறைகூறினார். பிள்ளைகள் தங்களைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கிறது என்ற உணர்வில்லாமல் வளர வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். 1974-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் அவருடைய பதின்மூன்று வயது மகன் ஜானிடமிருந்து சைக்கிளை ஒருவன் பறித்துக்கொண்டு போனான். அருகில் காவலர் யாரும் இல்லை. பெரும் ரகளை நடக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். தாயாரோ, உலகம் எப்படி இருக்கிறது என்று மகன் தெரிந்துகொள்ள இதுவும் வேண்டியதுதான் என்ற பொருள்படப் பேசியதாக அந்தப் பிரிவின் குறிப்பு சொல்கிறது.

அவருடைய துணிவு எல்லாருக்கும் வராது. வர வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. ஆனால் நம்மூர்ச் செல்வந்தர் வீடுகளில் நான் காண்பது இதற்கு மறுகோடி. பாதுகாவலரைக் குழந்தை "ஏய்" என்று கூப்பிடுகிறது, பென்சில் வாங்க அனுப்புகிறது, பெற்றோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பென்சில் வாங்கப் போன ஐந்து நிமிடம் குழந்தை யார் பொறுப்பில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. தாம் ஏவும் ஆளின் சொல்லுக்கு ஆபத்து நேரத்தில் குழந்தை கட்டுப்படுமா என்பதும் யோசிக்க வேண்டியது. "குனி" என்றால் ஏன் என்று கேட்காமல் குனிய வேண்டுமே! அந்த மரியாதை அன்றாடம் பழகினால்தான் அன்றைக்கு வரும்.

காப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அத்தகைய காப்பீடு எடுத்திருப்பதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அதன் அடிப்படை நிபந்தனை. தெரிந்தால் அதுவே அழைப்பிதழாகிவிடும். 1973-இல் ரோமில் எண்ணெய்க் கோடீஸ்வரர் கெட்டியின் பதினாறு வயதுப் பேரன் கடத்தப்பட்டபோது, ஒரு காசு கொடுத்தாலும் மற்றப் பதினான்கு பேரப்பிள்ளைகளும் கடத்தப்படுவார்கள் என்று தாத்தா மறுத்ததும், காது அறுத்து அனுப்பப்பட்ட பின்னரே வரிவிலக்குக்குட்பட்ட தொகையைக் கொடுத்து, மீதியை மகனுக்கு 4 சதவீத வட்டிக்குக் கடனாகத் தந்ததும் ஊரறிந்த கதை. அடுத்தடுத்த கடத்தல்களால் நொந்த இத்தாலி, 1991-இல், கடத்தப்பட்டவர் குடும்பத்தின் சொத்துகளையே முடக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை.

இந்தியாவில் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் மத்திய அரசு 2006-இல் வெளியிட்ட மாதிரி விதிகள், காவலர் ஒருவருக்கு 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. முன்னாள் இராணுவத்தினருக்கும் காவல்துறையினருக்கும் இது 40, 16 என்று குறைந்தது. வங்கி வாசலில் நிற்பவருக்கும் ஏழு வயதுப் பிள்ளையோடு நாள் முழுவதும் இருப்பவருக்கும் ஒரே பயிற்சி போதுமா? பிரிட்டனில் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனிநபருக்கு அருகிலிருந்து காவல் செய்பவர்க்கென்றே தனி உரிமம் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு பிரிவு இல்லாததால், ஆளின் தகுதியைக் குடும்பம்தான் எடைபோட வேண்டும். குடும்பமோ பெரும்பாலும் உயரத்தையும் மீசையையும் பார்க்கிறது.

இவை எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுவது, பாதுகாவலர் வேலையை விட்டுப் போகும் நாள். வண்டி எந்த வழியாகப் போகும், எந்தக் கதவு இரவில் சரியாகப் பூட்டாது, குழந்தையின் இரகசியச் சொல் என்ன, அது யாரைக் கண்டால் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அறிந்த ஒரே வெளியாள் அவர்தான். இரண்டாயிரம் ரூபாய் ஊதிய உயர்வு கேட்டதற்காகவோ, பையைத் தூக்க மறுத்ததற்காகவோ அவரை ஒரே நாளில் அனுப்பிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை அதே வழியில், அதே நேரத்தில், அதே இரகசியச் சொல்லோடு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் உண்டு. சுபேதார் தம் முந்தைய வீட்டிலிருந்து விலகியபோது, வழிகளையும் நேரங்களையும் பூட்டுகளையும் மாற்றிவிடுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அங்கே எதையும் மாற்றவில்லை என்பதை, ஓராண்டு கழித்து அதே கார் அதே சிக்னலில் அதே நேரத்தில் நின்றதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். உடனே வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் அழைத்து அதைச் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணையும் அவர்கள் மாற்றியிருக்கவில்லை.